நீ பார்த்தாயா? அப்படியென்றால் பேசு!

“அவரா? எக்செல் பார்க்கிறவர்!”

உன்னைப் பற்றிப் பக்கத்து டீமில் இப்படித்தானே சொல்கிறார்கள்? ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி, மான்யதா, பெல்லந்தூர் என்று பெங்களூருவின் எந்த வளாகத்துக்குப் போனாலும் இதே கதைதான். கோடு எழுதுகிறவருக்கு ஒரு மரியாதை. ஏஐ என்று இரண்டெழுத்து சொல்லத் தெரிந்தவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை. கருவிகளைக் கணக்கில் வைக்கும் அசெட் டீமில் உட்கார்ந்திருக்கும் உனக்கு? லேப்டாப் வேண்டியிருக்கும் வரை ‘ப்ரோ’. லேப்டாப் கைக்கு வந்ததும் உன் முகமே மறந்துபோகும். வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் சேலம் பஸ்ஸுக்கு நிற்கிறபோது, ‘என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் எப்படிச் சொல்வது’ என்று உனக்கே ஒரு தயக்கம்.

தூக்கி எறி அந்தத் தயக்கத்தை! உன் வேலை என்னவென்று நான் சொல்கிறேன். ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தானே நம்பிக்கொண்டிருக்கும் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிப்பது உன் வேலை. அதைச் செய்ய கோடு எழுதத் தெரிய வேண்டாம். முதுகெலும்பு வேண்டும்.

கொஞ்சம் விவரமாகவே பேசுவோம். ஒரே சர்வருக்கு உன் நிறுவனத்தில் இரண்டு பதிவுகள் இருக்கின்றன. ஒன்று அசெட் பதிவு. எப்போது வாங்கினோம், என்ன விலை, வாரண்டி எதுவரை, யார் பொறுப்பு, எந்த ஸ்டோரில் கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். பணம் போட்டவனுக்கான பதிவு அது. இன்னொன்று சிஐ பதிவு. கான்ஃபிகரேஷன் ஐட்டம் என்று விரித்துச் சொல்வார்கள். அந்த சர்வரில் எந்த அப்ளிகேஷன் ஓடுகிறது, எந்த டேட்டாபேஸோடு பேசுகிறது, அது விழுந்தால் எந்தச் சேவை விழும் என்பது அதில். இரவு இரண்டு மணிக்கு ஃபோன் எடுத்து ஓடுகிறவனுக்கான பதிவு அது. 1980-களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் அரசின் கணினித் துறை ஐடிஐஎல் என்ற பெயரில் வழிமுறைகளைத் தொகுக்கத் தொடங்கியதிலிருந்து இந்தப் பிரிவினை நம்மோடு இருக்கிறது. பிரிவினையில் தப்பில்லை. இரண்டு பதிவும் ஒரே உண்மையைச் சொல்கின்றனவா என்பதுதான் கேள்வி.

இரண்டு பதிவும் இருக்கும் சர்வீஸ்நவ் மென்பொருளைத் திறந்து பார். அசெட் பக்கம் ‘ஆன் ஆர்டர்’, ‘இன் ஸ்டாக்’, ‘இன் யூஸ்’, ‘ரிட்டயர்டு’, ‘மிஸ்ஸிங்’. சிஐ பக்கம் ‘இன்ஸ்டால்டு’, ‘பெண்டிங் ரிப்பேர்’, ‘ரிட்டயர்டு’, ‘ஸ்டோலன்’, ‘ஆப்சென்ட்’. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறும்படி மென்பொருளில் இணைப்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் சிஐ பக்கம் ஸ்டேட்டஸ் என்ற பெயரில் ஒரே கட்டமா இருக்கிறது? இன்ஸ்டால் ஸ்டேட்டஸ் ஒன்று, ஹார்டுவேர் ஸ்டேட்டஸ் ஒன்று, ஆப்பரேஷனல் ஸ்டேட்டஸ் ஒன்று. ஒன்று ‘ரிட்டயர்டு’ என்னும். அதற்குக் கீழேயே இன்னொன்று ‘ஆப்பரேஷனல்’ என்னும். இதை வடிவமைத்தவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பின்னாளில் லைஃப் சைக்கிள் ஸ்டேஜ் என்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். நல்லதுதான். பழைய கட்டங்களை நம்பி எழுதப்பட்ட ரிப்போர்ட்டுகள் இன்றும் ஓடிக்கொண்டிருப்பதால் குழப்பம் முழுதாக ஒழியவில்லை.

இதோடு கணக்குப் பிரிவையும் சேர்த்துக்கொள். கம்பெனிகள் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணை சர்வருக்கு 6 வருட ஆயுள் என்கிறது. டெஸ்க்டாப்புக்கும் லேப்டாப்புக்கும் 3 வருடம். ஆறு வருடம் முடிந்ததும் சர்வரின் புத்தக மதிப்பு ஒன்றுமில்லாத அளவுக்கு வந்துவிடும். மாசக் கடைசியில் கணக்குக் கேட்டு ஒரு மெயில் வரும். யாரோ ஒருவர் நூறு சீரியல் நம்பரை ஒட்டுமொத்தமாகத் தேர்ந்தெடுத்து ‘ரிட்டயர்டு’ என்று மாற்றிவிடுவார். ஏசி அறையில் ஒரு கிளிக். அந்த நூறில் மூன்று சர்வர்கள் எலெக்ட்ரானிக் சிட்டி டேட்டா சென்டரில் ஃபேன் இரைச்சலோடு சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும்! இனி அவற்றுக்குப் பேட்ச் வராது. பாதுகாப்பு ஸ்கேன் பட்டியலில் பெயர் இருக்காது. வாரண்டியைப் புதுப்பிக்க யாரும் கேட்கமாட்டார்கள். காகிதத்தில் அவை போய்ச் சேர்ந்துவிட்டன. ரேக்கில் உயிரோடு நிற்கின்றன.

காகிதத்தில் செத்தவர் ஒருவரைத் தெரியுமா உனக்கு? உத்தரப்பிரதேசம் அசம்கர் மாவட்டத்து விவசாயி லால் பிகாரி. 1970-களின் நடுவில் வங்கிக் கடனுக்காக வருவாய் அலுவலகம் போனார். நீ இறந்துவிட்டாய் என்றார்கள். பூர்வீக நிலத்துக்காக அவருடைய சித்தப்பா அதிகாரிக்குக் கையூட்டுக் கொடுத்து, பதிவேட்டில் அவரை இறந்தவராக எழுத வைத்திருந்தார். எதிரே ஆள் நிற்கிறார், பேசுகிறார், மூச்சு விடுகிறார். பதிவேடு அசையவில்லை. அந்த அதிகாரியின் இடத்தில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? ‘சிஸ்டத்தில் அப்படித்தான் சார் இருக்கிறது’ என்று சொல்லியிருப்போம்.

லால் பிகாரி என்ன செய்தார் தெரியுமா? தன் பெயருக்குப் பின்னால் ‘மிருதக்’, அதாவது இறந்தவர் என்று தானே சேர்த்துக்கொண்டார். தனக்குத் தானே இறுதி ஊர்வலம் நடத்தினார். தன் மனைவிக்கு விதவை உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தார். 1988-இல் அலகாபாத்தில் வி.பி. சிங்கை எதிர்த்தும், 1989-இல் அமேதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்தும் தேர்தலில் நின்றார். செத்தவன் எப்படி வேட்புமனுப் போடுவான்? அதை அரசாங்கமே சொல்லட்டும் என்பதுதான் அவருடைய கணக்கு! தன்னைப்போல் காகிதத்தில் கொல்லப்பட்டவர்களைத் திரட்டி ஒரு சங்கமே அமைத்தார். 1994-இல் பதிவேடு பணிந்தது. அவர் உயிரோடிருப்பதாக அரசு எழுதியது. 2003-இல் இக்நோபல் அமைதிப் பரிசு என்ற வேடிக்கைப் பரிசும் அவருக்கு வந்தது. உலகம் சிரித்தது. சிரிக்கட்டும்! ஒரே ஒரு கட்டத்தில் ஒரே ஒரு சொல்லைத் திருத்த அந்த மனிதருக்குப் பதினெட்டு வருடம் ஆயிற்று. உன் முன்னால் இருக்கிற கட்டத்தைத் திருத்த உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பயப்படாமல் இருந்தால், ஒரு சனிக்கிழமை காலை போதும்.

நிலப் பதிவேட்டு விஷயத்தில் கர்நாடகமே உனக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. சுமார் 9,000 கிராமக் கணக்கர்கள் கையால் எழுதி வைத்திருந்த பஹணி என்ற நிலப் பதிவுகளை ‘பூமி’ திட்டத்தில் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். 2000-ஐ ஒட்டிய சில வருடங்களில் ஏறத்தாழ 2 கோடிப் பதிவுகள், 67 லட்சம் நில உடைமையாளர்கள். ஐஏஎஸ் அதிகாரி ராஜீவ் சாவ்லா முன்னின்று நடத்திய வேலை. தாலுகா அலுவலகத்தில் அப்போது 15 ரூபாய் கட்டினால் அச்சிட்ட பிரதி கையில். நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் அங்கேயும் இரண்டு பதிவேட்டுச் சிக்கல் வந்து நின்றது. கிரயம் பதிவாகும் இடம் பத்திரப் பதிவுத் துறை. அவர்களுடைய மென்பொருள் ‘காவேரி’. உரிமையாளர் பெயர் மாறும் இடம் வருவாய்த் துறை, அது ‘பூமி’. காவேரியில் நிலம் கைமாறியிருக்கும். பூமியில் பழைய ஆளே உட்கார்ந்திருப்பார். அந்த இடைவெளியில் ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு விற்கலாம், கடன் வாங்கலாம், வழக்குப் போடலாம். அதனால்தான் காவேரியில் கிரயம் பதிவானதும் தகவல் கம்பி வழியே பூமிக்குப் போய், பெயர் மாற்றம் தானாகத் தொடங்கும்படி இரண்டையும் இணைத்தார்கள். மாநில அரசே இறங்கிச் செய்த வேலை, தம்பி! அதே வேலையைத்தான் நீ பெல்லந்தூர் நாலாவது மாடியில் உட்கார்ந்து செய்கிறாய். எக்செல் பார்க்கிற வேலையாம்!

சரி, ஸ்டேட்டஸ் தப்பானால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு மார்கன் ஸ்டான்லி கதையைச் சொல். உலகத்தின் பெரிய நிதி நிறுவனங்களில் ஒன்று. 2016-இல் இரண்டு டேட்டா சென்டர்களை மூடியது. பழைய சர்வர்களையும் டிஸ்க்குகளையும் அப்புறப்படுத்த ஆள் வேண்டும். யாரைப் பிடித்தார்கள்? வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் ரகத்தில் ஒரு மூவிங் கம்பெனியை. தகவல் அழிப்பில் அவர்களுக்கு அனுபவமே கிடையாது. ஆயிரக்கணக்கான கருவிகள் கைமாறின. சில இணைய ஏலத் தளத்துக்கே போய்ச் சேர்ந்தன. ஒக்லஹோமாவில் ஒரு ஐடி ஆலோசகர் விலை கொடுத்து வாங்கிய டிஸ்க்குகளில் நிறுவனத்தின் தகவல் அப்படியே இருந்தது. அவரே நிறுவனத்துக்கு மெயில் எழுதினார்! தங்கள் டிஸ்க் எங்கே இருக்கிறது என்று அந்த மாபெரும் நிறுவனத்துக்கு வெளியே இருந்து ஒருவர் சொல்லித்தான் தெரிய வந்தது.

அதோடு நின்றதா? கிளை அலுவலகங்களில் பழைய சர்வர்களை மாற்றியபோது 42 சர்வர்களைக் காணவில்லை. 2020 அக்டோபரில் அமெரிக்காவின் வங்கிக் கண்காணிப்பு அலுவலகம் 6 கோடி டாலர் அபராதம் போட்டது. கருவிகளில் என்னென்ன வாடிக்கையாளர் தகவல் இருக்கிறது என்பதற்கு ஒழுங்கான பட்டியல் வைத்திருக்கவில்லை என்பது அதன் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2022 செப்டம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் இன்னொரு 3.5 கோடி டாலர் வாங்கியது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்களின் தகவல் சம்பந்தப்பட்ட விவகாரம் என்றது. பட்டியல் இல்லாத குற்றத்துக்கு! நீ தினமும் காலையில் திறந்து சலித்துக்கொள்கிறாயே, அந்தப் பட்டியல்!

நம் ஊரிலும் காலம் மாறிவிட்டது. தனிநபர் தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது 2023-ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சொத்துப் பதிவேடு ஒழுங்காக இருக்கிறதா, நேரில் போய்ச் சரிபார்த்தார்களா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். மின்கழிவாகிவிட்ட கருவி, பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர் அல்லது மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும் என்கின்றன 2022-இன் மின்கழிவு விதிகள். அதற்கும் பெங்களூரு முன்னோடி ஊர்தான். தாபஸ்பேட்டையில் இ-பரிசரா 2005-லேயே அந்த வேலையைத் தொடங்கிவிட்டது. இத்தனை சட்டங்களும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் எங்கே வந்து நிற்கின்றன? ‘ரிட்டயர்டு – டிஸ்போஸ்டு’ என்று நீ தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு கட்டத்தில்.

இப்போது 2020 மார்ச்சுக்குப் போவோம். பெங்களூருவில் அப்போது அசெட் டீமில் இருந்தவர்களைக் கேட்டுப் பார்; இரவெல்லாம் பேசுவார்கள். மார்ச் 13 அன்று தொலைத்தொடர்புத் துறை பிபிஓ நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான விதிகளைத் தளர்த்தியது. 24-ஆம் தேதி இரவு ஊரடங்கு அறிவிப்பு. இடையில் இருந்தது பதினோரு நாள். அதற்குள் ஒரு நகரமே தன் அலுவலகத்தைப் பெயர்த்து வீட்டுக்கு எடுத்துப் போனது. லேப்டாப் மட்டுமா போனது? டெஸ்க்டாப்பை மானிட்டரோடு டாக்ஸியில் ஏற்றி அனுப்பினார்கள். கேட் பாஸ் எழுதிக் கை வலித்தது. சுங்கவரி இல்லாமல் இறக்குமதி செய்த கணினியை வளாகத்தை விட்டு நகர்த்துவதற்கென்று தனி நடைமுறை உண்டு. அதையும் பார்க்க வேண்டியிருந்தது. கேட்டில் நின்ற செக்யூரிட்டி அண்ணா நோட்டில் சீரியல் நம்பர் எழுதினார். பூஜ்யமா, ஆங்கில ‘ஓ’வா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பதிவேட்டில் ஒரு மெஷின் ‘இன் யூஸ், ஒயிட்ஃபீல்டு, மூன்றாம் மாடி’. உண்மையில் அது திருநெல்வேலியில் ஒரு கூடத்தில், ஃபேனுக்குக் கீழே. அடுத்த வருடம், அதை எடுத்துப்போன பையன் வேலை மாறினான். கொரியரில் வந்த பெட்டியை ஸ்டோரில் வைத்தார்கள். ‘இன் ஸ்டாக்’ என்று யாரும் மாற்றவில்லை. சிஐ பதிவில் அவன் பெயரே ஓனர். அவன் பெயருக்கு டிக்கெட் போகும், பதில் வராது. நிறுவனம் புது லேப்டாப்புக்கு ஆர்டர் போடும்; பழையது அலமாரியில் உப்பிய பேட்டரியோடு கிடக்கும்.

அந்தக் குழப்பத்தைப் பிரித்தெடுத்தது யார்? எந்த ஆர்க்கிடெக்ட்டும் இல்லை. ஸ்டோரில் முகக்கவசத்தோடு உட்கார்ந்து, பெட்டியைப் பிரித்து, லேப்டாப்பைக் கவிழ்த்து, தேய்ந்துபோன டேக்கை மொபைல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் படித்த உன்னைப் போன்றவர்கள். டேக் கிழிந்திருந்தால் பயாஸுக்குள் போய் சீரியல் நம்பரை எடுத்தவர்கள். ‘இது இருக்கிறது, நான் பார்த்தேன்’ என்று எழுதியவர்கள். அவர்களுக்கு யாரும் விருது கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும்.

இங்கேதான் தன்னம்பிக்கை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதைப் பேச வேண்டும். கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று பத்து முறை சொல்லச் சொல்கிறார்கள் சிலர். சொல்லிப் பார். திங்கட்கிழமை மீட்டிங்கில் மேலாளர் ஒரு கேள்வி கேட்டதும் அது ஆவியாகிவிடும். உன் குரல் நடுங்காமல் இருக்க ஒரே வழி, நீ பேசும் விஷயத்தை நீயே போய்ப் பார்த்திருப்பது. பார்த்தவனை அசைக்க முடியாது. அவனுக்கு இங்கிலீஷ் தடுமாறலாம், கோணலாகக்கூடப் பேசலாம். ஆனால் ‘பி வரிசை, ஏழாவது ரேக், மேலிருந்து நாலாவது, பச்சை விளக்கு எரிகிறது, நெட்வொர்க் கேபிள் இரண்டும் மாட்டியிருக்கிறது’ என்று சொல்லும்போது அந்த அறையில் அவனை மறுத்துப் பேச யார் இருக்கிறார்கள்?

இப்படி ஒரு பேச்சு எந்த அலுவலகத்திலும் நடக்கும்:

“மாசக் கடைசி. அந்த நூறையும் ரிட்டயர்டுன்னு போட்டு முடிச்சிடுங்க.”

“தொண்ணூத்தேழு போடறேன் சார். மூணு ஓடிட்டிருக்கு. போட மாட்டேன்.”

“டிஸ்கவரி ஸ்கேன்ல தப்பா காட்டுதோ என்னவோ.”

“டிஸ்கவரிய நம்பி சொல்லல சார். நேத்து போய்ப் பார்த்தேன். ஃபோட்டோ இருக்கு.”

இந்த நாலு வரியைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அப்ரைசல் இருக்கிறது. இஎம்ஐ இருக்கிறது. ஊரில் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். ‘நமக்கெதுக்கு வம்பு, சொன்னதைச் செய்துவிட்டுப் போவோம்’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலின் கழுத்தைப் பிடி! நாளைக்கு அந்த மூன்றில் ஒன்று வழியாகத் திருடன் உள்ளே வந்தால், ஹிஸ்டரியில் யார் பெயர் இருக்கும்? ‘போட்டு முடி’ என்று வாயால் சொன்னவர் பெயரா? பட்டனை அழுத்திய உன் பெயர்தான்!

நூறில் மூன்றுதானே என்கிறாயா? நைட் கேபிட்டல் என்று ஒரு அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1. எட்டு சர்வர்களில் புது மென்பொருள் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள், எட்டாவது விட்டுப்போனது. இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கமே அங்கே இல்லை. சந்தை திறப்பதற்கு முன்பே 97 தானியங்கி மெயில்கள் ‘ஏதோ தப்பு’ என்று வந்தன. யாரும் கண்டுகொள்ளவில்லை. சந்தை திறந்தது, அந்த ஒற்றை சர்வரில் வருடக்கணக்கில் தூங்கிக்கிடந்த பழைய கோடு விழித்துக்கொண்டு கண்மண் தெரியாமல் வாங்கியது, விற்றது. 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். எட்டுக்கு ஏழு என்பது பரீட்சையில் நல்ல மதிப்பெண். உன் வேலையில் எட்டுக்கு ஏழு என்றால் திவால். அடுத்த வருடமே அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைக்கப்பட்டுத் தன் தனி அடையாளத்தை இழந்தது.

அதனால் இறங்கு! எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் போகிறேன் என்று கிளம்பாதே. அப்படிக் கிளம்பியவர்கள் மூன்றாவது மாதம் வேறு டீமுக்கு மாற்றல் கேட்பார்கள். சர்வரை மட்டும் எடு. அதிலும் ஒரு டேட்டா சென்டரை மட்டும் எடு. முதல் ரிப்போர்ட் ஒன்றே ஒன்று: அசெட் ‘ரிட்டயர்டு’, ஆனால் இந்த வாரம் ஸ்கேனில் உயிரோடு தெரிந்தவை. இதைவிட ஆபத்தான பட்டியல் உன் நிறுவனத்தில் கிடையாது. வரும் ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார். அனுமதி வாங்கு, ஜாக்கெட் போட்டுக்கொள். டேட்டா சென்டர் குளிரும். சீரியல் நம்பரைத்தான் நம்பு. மெஷினுக்கு வைத்த பெயரை நம்பாதே. பழைய சர்வரின் பெயரைப் புது சர்வருக்கு வைக்கும் புண்ணியவான்கள் எல்லா இடத்திலும் உண்டு.

அதை முடித்த பிறகு எதிர்ப் பட்டியலுக்கு வா. ‘இன் ஸ்டாக்’ என்று இருக்கும், ஆனால் நெட்வொர்க்கில் பேசிக்கொண்டிருக்கும். வேலையை விட்டுப் போனவர் பெயரில் ‘இன் யூஸ்’ என்று இருக்கும். அசெட் இல்லாத சிஐ இருக்கும். பணமே கொடுக்காமல் வந்த மெஷினா அது? பார்க்கப் பார்க்கக் கதை கதையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மனிதர் இருப்பார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே. நடந்ததை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்.

ஒரு சண்டையை மட்டும் நீ கட்டாயம் போட்டாக வேண்டும். எந்தப் பக்கம் சொல்வது செல்லும் என்ற சண்டை. மெஷின் ஸ்டோருக்குள் இருக்கும்வரை அசெட் டீம் சொல்வதுதான் பேச்சு. ரேக்கில் ஏறிய பிறகு ஆப்பரேஷன்ஸ் சொல்வது பேச்சு. கழற்றும்போது இரண்டு கையெழுத்தும் விழாமல் ‘ரிட்டயர்டு’ விழக் கூடாது. டிஸ்க் அழித்த சான்றிதழ் சீரியல் நம்பரோடு வராமல் ‘டிஸ்போஸ்டு’ விழக் கூடாது. பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகளுக்குப் போனால் பழைய லேப்டாப்புகள் குவிந்து கிடக்கும். முறையாகக் கைமாறியவை தாராளமாக விற்கட்டும். அந்தக் குவியலில் உன் நிறுவனத்து டேக் ஒட்டிய ஒன்று, அழிக்காத டிஸ்க்கோடு இருக்கக் கூடாது. இந்த முறைகளை எழுத்தில் வாங்கு. மெயிலில் வாங்கு. மென்பொருளில் விதியாகவே போட வை. வாய்வார்த்தை மாசக் கடைசியில் மறந்துபோகும்.

‘இதெல்லாம் ஆட்டோமேஷன் பார்த்துக்கொள்ளும், ஏஐ வந்துவிட்டது’ என்று ஒருவர் சொல்வார். சொல்லட்டும். ஸ்கேன் கண்டுபிடிக்கும், இணைப்பு விதி மாற்றும், எல்லாம் சரி. அணைத்துவைத்து அலமாரியில் பூட்டிய டிஸ்க்கை எந்த ஸ்கேன் கண்டுபிடிக்கும்? ஒரு பக்கம் பொய் இருந்தால், தானியங்கி இணைப்பு அந்தப் பொய்யை மறுபக்கத்துக்கும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்புறம் இரண்டு பதிவேடும் ஒற்றுமையாகப் பொய் சொல்லும். டாஷ்போர்டு முழுக்கப் பச்சை மயம்! நூறு சதவீதம் பொருந்துகிறது என்ற அறிக்கையைப் பார்த்துக் கைதட்டுகிறவர்களிடம் நீ கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ரேக்கோடு பொருந்துகிறதா?

தங்கச்சி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ‘டேட்டா சென்டருக்கெல்லாம் நீங்க எதுக்கு, பசங்க போய்ப் பார்ப்பாங்க’ என்பார்கள். போ! நீயே போ. பார்த்தவருக்குத்தான் பேச்சு என்றால், பார்க்கிற உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே.

திங்கட்கிழமை மீட்டிங்குக்குப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போ. ஸ்லைடு வேண்டாம், முன்னுரை வேண்டாம். உன் முறை வந்ததும் எழுந்து நில். முதல் வரியில் இருக்கும் சர்வரின் சீரியல் நம்பரை நிறுத்தி நிதானமாகப் படி. ‘சனிக்கிழமை காலை நேரில் பார்த்தேன், ஓடிக்கொண்டிருக்கிறது, நம் கணக்கில் இது ரிட்டயர்டு’ என்று சொல். இதை இன்றைக்கு யார் பெயரில் எடுத்துக்கொள்வது என்று கேள். பதில் வரும்வரை உட்காராதே. வந்ததும் பெயரைக் குறித்துக்கொண்டு, இரண்டாவது சீரியல் நம்பரைப் படி.